ஆரணி நிறுத்திவிட்டாள்

என்னுடைய கதிரையில் இப்போது இருக்கும் பிள்ளை கெட்டிக்காரி. வேலைக்கு வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் எனக்குத்தான் போன் எடுப்பாள். போன மாதமும் எடுத்தாள். கர்ப்பிணிகளைப் புகைப்பழக்கத்திலிருந்து மீட்கும் எங்கள் பிரிவின் பெயரையே மாற்றப்போகிறார்களாம். சிகரெட் பிடிக்கிறவள் என்று இப்போது ஒருத்தியும் வருவதில்லை, வருகிறது முழுக்க வேப் என்கிற மின்சிகரெட் இழுக்கிற பிள்ளைகள்தான் என்றாள். புதிதாகச் சேர்ந்த தாதிகளுக்கு ஒரு வகுப்பு வைக்கிறாளாம். அதில் வாசிக்க, கேட்கிறவர்களுக்குத் தென்பு வருகிற மாதிரி உங்கள் அனுபவம் ஒன்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டாள்.

தென்பு தருகிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லை. இருக்கிறது என்று கதை விட இந்த வயதில் எனக்கு விருப்பமும் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு வேப்பை விட்டவர்கள் என்றால் எனக்கு ஆரணியின் முகம்தான் முன்னுக்கு வரும். பெயரையும், அவள் வீட்டார் கண்டுபிடிக்கக்கூடிய வேறு சிலதையும் மாற்றியிருக்கிறேன். அவள் விட்டாள். முழுக்க விட்டாள். விட்டாளா இல்லையா என்று யாரும் கடைசிவரை காத்திருந்து வாசிக்க வேண்டாம் என்பதற்காக இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் சரித்திரம் சின்னது. யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி முடித்தேன். இந்த நாட்டுக்கு வந்தபோது அது இங்கே செல்லாது என்றார்கள். ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் கழுவித் துடைத்துக்கொண்டே படித்து, சோதனை எழுதி, திரும்பவும் தாதியானேன். பிறகு ஸ்காபுறோவில் ஒரு சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிகள் பிரிவு. வேலையை விடும்வரை அங்கேதான் குப்பை கொட்டினேன்.

வேலை என்று நான் கற்றது எல்லாம் டொரீனிடம். எனக்கு மேலே இருந்தவர், ட்ரினிடாட்காரி. பெருத்த உடம்பு, மெதுவான நடை, அதைவிட மெதுவான பேச்சு. மேசைக்குப் பின்னால் இருந்து அவர் யாரோடும் பேசியதை நான் கண்டதில்லை. தன் கதிரையை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டு, இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்க்கிற மாதிரி இருப்பார். முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மை சொல்வது யாருக்கும் கஷ்டம் என்பார். "ஏன்" என்ற கேள்வி எங்கள் அறையில் தடை. "நீ புகைப்பாயா" என்பதும் தடை. அப்படிக் கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக எப்போது இழுத்தாய்" என்று, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிற தொனியில் கேட்க வேண்டும். பழக்கம் இல்லாதவள் சிரிப்பாள். இருக்கிறவள் ஒரு கணம் யோசிப்பாள். அந்தக் கணத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தால்தான் நீ தாதி என்பார் டொரீன். எனக்கு அது பழக வருடக்கணக்கானது. நான் வாயாடி.

எங்கள் சனத்துக்கென்று அவர் தனியாக ஒரு வழி வைத்திருந்தார். தமிழ்ப் பெண் தனியே வரமாட்டாள். மாமி வருவார், தாய் வருவார், புருஷன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவான். கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொன்னால் முடிந்தது கதை, உள்ளே ஏதோ நடக்கிறது என்று அன்றைக்கே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். அதனால் சிறுநீர்ப் போத்தல். அதற்கு மட்டும் ஒருத்தரும் கூட வருவதில்லை. போத்தலைக் கொடுத்து, கழிப்பறைவரை போகும் ஒடை, அந்த நீள நடைபாதை முழுக்க, அவளோடு நாங்கள் நடப்போம். போகும்போது ஒன்றும் கேட்பதில்லை. திரும்பி வரும்போது கேட்போம். என்னை மெதுவாக நடக்கப் பழக்கியதும் டொரீன்தான்.

எங்களிடம் ஊதுகிற கருவி ஒன்று இருந்தது. சிகரெட் பிடித்தவள் ஊதினால் சிவப்பு, பிடிக்காதவள் ஊதினால் பச்சை. புகையிலை எரிந்தால் வருகிற நச்சுக் காற்றைத்தான் அது பிடிக்கும். வேப்பில் ஒன்றும் எரிவதில்லை. நாள் முழுக்க வேப் இழுக்கிறவளும் ஊதினால் பச்சைதான். அதைப் பார்த்துப் புருஷன்மார் சந்தோஷத்தில் மனைவியின் முதுகில் தட்டிக்கொடுத்த நாட்களும் உண்டு. கொஞ்சக் காலத்தில் டொரீன் அந்தக் கருவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆரணி முதலில் வந்தது ஒரு தை மாதத்தில். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு வங்கியின் போன் சேவையில் வேலை. கலியாணம் கட்டி ஒரு வருடமாகவில்லை. புருஷன் கஜன், மாமியோடு அஜின்கோர்ட்டில் ஒரே வீடு. மாமி நல்ல மனுஷி. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு எல்லாரும் அவரைத்தான் திட்டுவீர்கள். மருமகளுக்கு இடுப்பு நோகும் என்று வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்து கதிரையில் வைத்தவர் அவர். வந்ததும் என்னிடம் ஒரு முறைப்பாடு வைத்தார்.

"மிஸி, இவள் அறைக்குள்ளை ஒளிச்சு வைச்சு மாம்பழம் சாப்பிடுறாள். எந்த நேரமும் வாசம். சீனி கூடப்போகுது எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

எங்கள் சனம் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடும். நான் சரி என்று தலையாட்டினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நல்ல மாம்பழம் கண்ணால் காணக் கிடைக்காத காலம். மாமிக்கு அது தோன்றவில்லை. வாய்க்கு ருசியாக எதையாவது தேடித் தின்னும் கர்ப்பிணியைத்தான் அவர் வாழ்நாளில் கண்டிருக்கிறார். மாம்பழ வாசம் வந்தால் மாம்பழம்தான் இருக்கும் என்று நினைத்தார்.

ஒடையில் திரும்பி வரும்போது, கடைசியாக எப்போது என்று கேட்டேன். ஆரணி யோசிக்கவே இல்லை. "பார்க்கிங்லை, அன்ரி. மாமி மெஷின்லை காசு போடப் போன நேரம்" என்றாள். பிறகு போத்தலைப் பிடித்தபடியே அழுதாள். காலேஜில் சோதனைப் பயத்துக்கு ஒரு சிநேகிதி கொடுத்துப் பழகியது. வேலையில் திட்டு வாங்கும்போதெல்லாம் அதுதான் துணை. பிள்ளை தங்கியது தெரிந்த அன்றே வீசியிருக்கிறாள், மத்தியானத்துக்குள் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறாள். அப்படிப் பல தரம். மற்றவர்களுக்கு விட முடிகிறதே, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்டாள். மற்றவர்களாலும் முடிவதில்லை, இதே ஒடையில்தான் அவர்களும் அழுகிறார்கள் என்றேன். அது பொய் இல்லை.

டொக்டர் யோசித்து, நிக்கொட்டின் பட்டை எழுதிக் கொடுத்தார். வேப்பை ஒரேயடியாக விட முடியாதவர்களுக்கு, டொக்டரின் கண்காணிப்பில், அதைவிட இது மேல் என்பதுதான் கணக்கு. காலையில் தோலில் ஒட்ட வேண்டும், இரவு படுக்கப் போகுமுன் உரிக்க வேண்டும், நாளுக்கு ஒரு இடம் மாற்ற வேண்டும். கையில் ஒட்டினால் மாமி கண்டுவிடுவார் என்பதால் இடுப்புக்குக் கீழே ஒட்டக் காட்டிக்கொடுத்தேன். ஆரணி கைப்பையிலிருந்து மாம்பழ வாசம் அடிக்கும் வேப்பை எடுத்து, ரிஷ்யூத் தாளில் சுற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். இந்த வேலையில் அத்தனை வருடம் பொய் கேட்டவளுக்கு உண்மையும் தெரியும். டொரீனுக்கும் தெரிந்தது.

பட்டையின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தோம். பங்குனி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு நாள் களைப்பில் பட்டையை உரிக்க மறந்து தூங்கிப்போனாள். அது படுக்கை விரிப்பில் ஒட்டி, விரிப்போடு உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குள் போய், மாமியின் ஹவுஸ்கோட்டில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. நோவுக்குப் போடுகிற பிளாஸ்டர் என்று நினைத்து மாமி மகனிடம் காட்டினார். மகன் அதில் இருந்த எழுத்தைப் போனில் தேடினான்.

அன்றைக்குத் தொடங்கியது. அலுமாரி, கைப்பை, கார் சீட்டின் அடிப்பகுதி, எல்லாம் தேடினார்கள். குளியலறைக் கதவைப் பூட்டக் கூடாது என்றார்கள். ஏற்பாடு செய்திருந்த வளைகாப்பை, நாலு பேருக்கு முன்னால் இவளை எப்படி இருத்துவது என்று கைவிட்டார்கள். கஜன் பக்கத்து அறையில் படுக்கத் தொடங்கினான். டொரீனும் டொக்டரும் அவனைக் கூப்பிட்டு நெடுநேரம் விளங்கப்படுத்தினார்கள். பட்டை மருந்து, வேப்பை அவள் விட்டுப் பல வாரம் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தாங்ஸ் என்று சொல்லி எழும்பிப் போனான். மாமி மட்டும் பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். பட்டையைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் தானே மருமகளின் இடுப்பில் ஒட்டி, கையால் அழுத்திவிட்டு, பிள்ளையாரே என்று சொல்வாராம். ஆரணி இதை எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் சிரித்து நான் கண்டது அதுதான் கடைசி.

பிறகு மாம்பழக் காலம் வந்தது. வைகாசியில் இங்கே தமிழ்க் கடைகளின் வாசலில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும், ஒரு வீடும் வாங்காமல் விடாது. ஒரு பின்னேரம் ஆரணி ஒரு பழத்தை அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் இருந்து சாப்பிட்டிருக்கிறாள். வேலையால் வந்த கஜனுக்குக் கதவைத் திறந்ததும் மாம்பழ வாசம் அடித்தது. இப்போது அந்த வீட்டில் மாம்பழ வாசம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அறையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். ரிஷ்யூவில் சுற்றிய மாங்கொட்டை அகப்பட்டது. அதைக் காட்டி அவள் அழுதபோது, வாசத்தை மறைக்கத்தான் கொட்டையை வைத்திருக்கிறாள் என்று கஜன் சொன்னானாம். மாமி மெத்தையைத் திரும்பவும் தூக்கிப் பார்த்தாராம். தை மாதத்தில் இல்லாத மாம்பழத்தை நம்பிய மனுஷி, கண்ணுக்கு முன்னால் இருந்த மாங்கொட்டையை நம்பவில்லை. எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் ஆத்திரம் வரும். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் ஆரணி தனியே பஸ் எடுத்து எங்களிடம் வந்தாள். நான் விட்டுவிட்டேன் என்பதை அவர்களுக்குக் காட்ட ஒரு டெஸ்ட் தாருங்கள் என்று கேட்டாள். டொரீன் மாட்டேன் என்றார். இங்கே செய்கிற டெஸ்ட் சிகிச்சைக்கு, வழக்குப் பேச இல்லை என்றார். ஆரணி விடவில்லை. கடைசியில் டொரீன் உள்ளதைச் சொன்னார். சிறுநீரில் நிக்கொட்டின் பார்க்கலாம், ஆனால் பட்டை போட்டாலும் அது காட்டும். வேப்பா பட்டையா என்று அது பிரித்துச் சொல்லாது.

ஆரணி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் இருந்த பட்டையை உரித்து மேசையில் வைத்தாள்.

"அப்ப இதுவும் வேண்டாம், அன்ரி. ஒண்டும் இல்லாமல் இருக்கிறன். பிறகு டெஸ்ட் பண்ணுங்கோ."

டொரீன் சாதாரணமாகக் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அன்றைக்கு உயர்த்தினார். இது உன் பிள்ளைக்கான மருந்து, மாமியிடம் நல்ல பெயர் எடுப்பதற்காக விடுகிற சாமான் இல்லை என்றார். ஆரணி கேட்கவில்லை. டொக்டர், கடைசி அளவுப் பட்டைதானே, எப்படியும் நிறுத்துகிற கட்டம்தான் என்று ஒத்துக்கொண்டார்.

டெஸ்டுக்கு முந்தின இரண்டு கிழமையும் மத்தியான இடைவேளையில் எனக்குப் போன் எடுப்பாள். சில நாள் மூச்சு மட்டும் கேட்கும். முகம் துடைக்கிற துவாயை வாயில் கடித்துக்கொண்டு இருந்தேன் என்று ஒரு நாள் சொன்னாள். போனில் கத்துகிற வாடிக்கையாளரிடம் திரும்பக் கத்திவிட்டு எச்சரிக்கை வாங்கினாள். வேலைக்குப் போகும் வழியில் வேப் விற்கிற கடை, அதைத் தவிர்க்க ஒரு ஸ்டொப் முன்னால் இறங்கி, அந்த வயிற்றோடு நடந்தாள். ஒரு நாளும் தோற்கவில்லை. இந்தத் தொழிலில் நான் கண்ட வேறு எவரும் அப்படி விட்டதில்லை. துணைக்கு மருந்தும் இல்லை, நம்புகிற ஒரு ஆளும் வீட்டில் இல்லை.

டெஸ்ட் சுத்தமாக வந்தது. டொரீன் மாமியையும் கஜனையும் கூப்பிட்டு, ஆரணியை நடுவில் இருத்தி, முடிவைச் சொன்னார். நான் மாமிக்குத் தமிழில் சொன்னேன். உடம்பில் நிக்கொட்டின் துளிகூட இல்லை, உங்கள் மருமகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் என்றேன். ஆரணி மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அந்தக் கிழமைதான் ஸ்கானில் பிள்ளையின் வளர்ச்சி குறைவு என்று சொல்லியிருந்தார்கள்.

"அப்ப ஏன் மிஸி பிள்ளை வளரேல்லை?"

பல காரணம் இருக்கலாம், சில நேரம் காரணமே கண்டுபிடிக்க முடியாது என்று டொரீன் சொன்னார். ஆங்கிலத்தில் அது ஒரு டொக்டரின் வசனம் மாதிரி இருந்தது. நான் தமிழில் சொன்னபோது சமாளிக்கிறேன் என்றுதான் கேட்டது. மாமி தலையாட்டினார். ஆரணி குனிந்துகொண்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, பிள்ளை அசையவில்லை என்று ஆரணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதயத் துடிப்பு இல்லை. பெண் பிள்ளை. பெற்றுத்தான் எடுத்தாள். நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி எல்லாம் அனுப்பிப் பார்த்தார்கள், குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. இப்படியும் நடப்பதுண்டு என்றார்கள்.

செத்தவீட்டுக்கு நானும் போனேன். சின்ன வெள்ளைப் பெட்டி. நாலைந்து பேர்தான். ஆரணியை ஒரு கதிரையில் தனியே இருத்தியிருந்தார்கள், பக்கத்தில் இருந்த இரண்டு கதிரையும் வெறுமையாக இருந்தன. நான் போய் ஒன்றில் இருந்தேன். பெரிய படிப்பு, பட்டை, போத்தல், சுவரைப் பார்த்துப் பேசும் கெட்டித்தனம், எல்லாம் இருந்தும் நான் அங்கே வெறுங்கையோடுதான் இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இந்த வேலை போதும் என்று முடிவெடுத்தேன். வருட முடிவில் விலகினேன்.

அடுத்த வருடம், சித்திரை மாதம் என்று நினைக்கிறேன், அஜின்கோர்ட்டில் ஒரு பிளாஸாவில் மரக்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்ரி என்று ஒரு குரல். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆரணி இருந்தாள். முகம் தெளிந்திருந்தது, உடம்பும் கொஞ்சம் தேறியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமி கடைக்குள்ளே நிற்கிறார் என்றாள். வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்டேன்.

"இப்ப நல்லா இருக்கினம். நான் சொல்லிட்டன், அன்ரி."

"என்னத்தை?"

"நான் நிப்பாட்டேல்லை எண்டு. கடைசி மட்டும் ஒளிச்சு ஒளிச்சு வேப் பண்ணினனான் எண்டு. டெஸ்டுக்கு வேலையிலை ஒரு பிரெண்டின்ரை யூரினைக் குடுத்தனான் எண்டு."

அவள் கைகளை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த கடைச் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"ஆறு மாதம் ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. மாமி இரவிலை எழும்பி இருந்து, ஏன், ஏன் எண்டு தன்ரை பாட்டிலை கேட்டுக்கொண்டிருப்பா. எனக்கும் அதேதான். ஐ குடின்ட் டேக் இற், தாங்கேலாமல் போச்சு. ஒருநாள் போய் ஓம், நான்தான் எண்டு சொன்னன். மாமி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ. சோறு குழைச்சுத் தீத்திவிட்டவ. கஜன் திரும்ப ரூமுக்கு வந்திட்டார்."

நான் இப்போதே வந்து மாமியிடம் சொல்கிறேன் என்றேன். அவள் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"சொல்லாதேங்கோ, அன்ரி. ப்ளீஸ். நீங்கள் சொன்னால் நான் திரும்ப முதல்லையிருந்து தொடங்க வேணும்."

மாமி இரண்டு கையிலும் பைகளோடு வந்துவிட்டார். என்னைக் கண்டதும் பைகளைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்தார். ஆரணியின் ஜக்கெட் கழுத்து விலகியிருந்தது, பேசிக்கொண்டே ஜன்னலுக்குள் கையை விட்டு அதை இழுத்துச் சரிசெய்தார்.

"மிஸி, பாவம் நீங்கள். இவள் உங்களையும் எல்லோ ஏமாத்திப்போட்டாள். அந்த நேரம் நான் உங்களைத்தான் பிழையா நினைச்சன். சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்திட்டாள், நாங்கள் மன்னிச்சிட்டம். அடுத்ததுக்கு நான் இவளிலை இருந்து கண்ணை எடுக்கமாட்டன்."

ஆரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓமம்மா," என்றேன். "என்னையும் ஏமாத்திப்போட்டாள்."